ஒரு படி எண்ணெய்ப் பந்தயம்

முன்னொரு காலத்திலே கருவாகை நாட்டைப் பரிதிவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அந்நாட்டுக் கொல்லர்கள் எண்ணெயில் ஓடும் நெருப்பு வண்டி செய்வார்கள். ராஜாவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. பெரிய வண்டி, பெரிய புகை என்று அவனைப் பார்த்து ஊரும் ஓட்டியது. கடைசியில் நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. தெருவில் இருமல் கேட்கும். இருமுகிற ஆள் தெரியாது.

புகைக்கு வரி போடலாம், கொஞ்ச எண்ணெயில் நெடுந்தூரம் போகும் வண்டிக்குச் சுங்கத்தை விட்டுவிடலாம் என்று மந்திரி மதிசூடன் சபையில் சொன்னதும் ராஜா முகம் சுளித்தான். மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த ரத அதிகாரி வச்சிரதண்டன், புகையில்லாத ராஜாவை எவன் மதிப்பான் என்று தூபம் போட்டான்.

"அப்படியானால் ஒரு பந்தயம், மகாராஜா. ஆளுக்கு ஒரு படி எண்ணெய். வடக்கு எல்லைவரை போய்த் திரும்பவேண்டும். ஜெயித்தால் நான் சொன்ன சட்டம் வரவேண்டும். தோற்றால் நான் நாட்டைவிட்டே போகிறேன்" என்றான் மதிசூடன்.

ராஜா அதிகாரியின் வண்டியில் ஏறிக்கொண்டான். பறந்த வேகத்தில் மந்திரியின் சின்ன வண்டி பின்னால் மறைந்தது. பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து இவர்கள் வண்டி நின்றது.

இரைச்சல் அடங்கியதும் நாலாபுறமும் இருமல் கேட்டது. முகத்தில் துணி சுற்றிய உருவங்கள் புகைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் வந்து சூழ்ந்தன. ஒரு பெண் ராஜாவின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

"உயிரோடு இருக்கிறவனா நீ?"

"நான் உங்கள் ராஜா."

"ராஜா இந்தத் தெருவில் நின்றதே இல்லையே" என்றாள் அவள்.

வச்சிரதண்டன் வண்டிக்கடியில் பதுங்கிவிட்டான்.

அப்போது மந்திரியின் வண்டி, புகைக்குள் எப்போதோ இவர்களைக் கடந்துபோய் எல்லையைத் தொட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தது. வண்டி இங்கே நிற்குமென்று முன்பே தெரியுமா என்று ராஜா கேட்டான்.

"உங்கள் வண்டி ஒரு படிக்கு எவ்வளவு ஓடும் என்று அளந்து பார்த்துதான் பந்தயத்துக்கு வடக்கு எல்லையைத் தேர்ந்தெடுத்தேன், மகாராஜா. உங்களை இங்கே நிறுத்த வேறு வழி தெரியவில்லை."

மறுநாளே மந்திரி சொன்ன சட்டம் வந்தது. அவனுக்கு முத்துமாலை. வச்சிரதண்டனுக்குக் கோட்டை வாசலில் புது வேலை: ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாயிலும் வெள்ளைத்துணி பிடித்து, கறுத்தால் திருப்பி அனுப்பவேண்டும்.

ஏழாம் மாதம் ஒருநாள் வெயில் தரையில் விழுந்தது. காலடியில் கறுப்பாய் ஏதோ ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறதென்று குழந்தைகள் அலறி ஓடினார்கள். அதற்குப் பெயர் நிழல் என்று ராஜாவே தெருவில் இறங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லவேண்டியதாயிற்று.