அந்தப்புரத்தில் மாட்டிக்கொண்ட ஊஞ்சல்

“சாமி வரம் கொடுத்தாலும்...” என்று தாய்மாமன் ஒரு வார்த்தை சொல்வார். மீதி நாகமுத்துவுக்கு மறந்துபோயிற்று. பாதி வயசைக் கடல் கடந்து கழித்துவிட்டுத் திரும்பியவர். பழமொழிகளெல்லாம் வாலறுந்துதான் கூட வந்தன.

வெண்கோட்டை என்கிற நாட்டை முன்னொரு காலத்தில் ஆண்டவர் செந்தட்டி மகாராஜா. கிரீடமும் உண்டு, லினக்ஸ் கணினியும் உண்டு அவருக்கு. நாகமுத்து அவருடைய அமைச்சர்.

ராஜாவுக்கு ஓர் ஏக்கம். காலமான தங்கை சின்ன வயதில் ஒரு பழைய கணினியில் ஊஞ்சல் படம் வரைந்திருந்தாள். அந்தக் கணினியும் செத்துப்போயிற்று. நாகமுத்து அதன் உயிரை ஒரே கோப்பாக இறக்கி, “மெய்நிகர் கணினியாக, கணினிக்குள் கணினியாக எழுப்பித் தருகிறேன்” என்றார். ராஜா அந்தக் கோப்பை ஆசையாகத் தம் சொந்த அடைவுக்குள், கணினியில் அவருக்கென்றே இருக்கும் அறைக்குள், வைத்துக்கொண்டார்.

சபை கூடியது. ராஜா பொத்தானை அழுத்தினார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது திரை.

“என் ராஜ்யத்தில் எனக்கேவா?”

வல்லவராயர் துள்ளி எழுந்தார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். “கோப்பை யாரும் தொடலாம்னு திறந்துவிட்டால் போச்சு, பிரபு!” திறந்தும் விட்டார். மறுபடி அதே மறுப்பு.

“அப்படியென்றால் அமைச்சர் கோப்பையே கெடுத்துவிட்டார். இப்படி ஆகுமென்று தெரிந்துதான் அவர் பெட்டியை முன்பே கப்பலில் ஏற்றச் சொல்லிவிட்டேன்” என்றார் ராயர்.

ராஜாவின் முகம் கறுத்தது. “பொழுது சாய்வதற்குள் படம் வராவிட்டால், நாகமுத்து, நீரும் அந்தக் கப்பலில்தான்.”

“உத்தரவு. அதற்குமுன் ஒரு மாம்பழம் வேண்டும், மகாராஜா.”

“பசியா?”

“அந்தப்புரத்தில், தங்கள் படுக்கையறைத் தட்டில் இருக்கிற பழம். அதை வல்லவராயர் எடுக்கலாம் என்று முத்திரை போட்டுக் கொடுங்கள்.”

மீசையை முறுக்கிக்கொண்டு போன ராயர், தலைப்பாகை சரிய வெறுங்கையோடு வந்தார்.

“பழம் எங்கே, ராயரே?” என்றார் நாகமுத்து.

“அந்தப்புர வாசலில் காவல் நிற்கிற கிழவி ஈட்டியைக் குறுக்கே நீட்டுகிறாள்! ‘பழத்துக்கு உத்தரவு இருக்கலாம், சாமி. நிலைப்படி தாண்ட இருக்கா?’ என்கிறாள்.”

‘...பூசாரி வரம் கொடுக்கணும்.’ நாகமுத்துவுக்கு வால் கிடைத்துவிட்டது.

“அதேதான், மகாராஜா. பொத்தானை அழுத்துவது தாங்கள். ஓடிப்போய்க் கோப்பைத் திறப்பது கணினிக்குள் இருக்கும் ஒரு வேலையாள். கோப்பு திறந்துதான் கிடக்கிறது. அது இருக்கும் தங்கள் அடைவுக்குள் அவன் நுழைய முடியாதே!”

“இவ்வளவுதானா! அந்தப்புரத்தையே எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஆச்சு” என்றார் ராயர்.

ராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இன்று முழுக்க அந்தக் கிழவியோடு நில்லும், ராயரே. வாசல் எதற்கென்று அவள் சொல்லுவாள்” என்றார் ராஜா.

நாகமுத்து கோப்பைப் பொது அடைவுக்கு மாற்றினார். ராயர் திறந்துவிட்டதை மூடி, அந்த வேலையாளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். பொத்தானை அழுத்தியதும் பழைய கணினி கண் விழித்தது. கோணல்மாணலாக ஓர் ஊஞ்சல். ஒரு கயிறு நீளம், ஒரு கயிறு குட்டை. அதில் இரண்டு பிள்ளைகள்: கிரீடம் வைத்த பையன் தாழ்ந்த பக்கம், சிறுமி உயர்ந்த பக்கம்.

“கிரீடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு உயரத்தை அவள் எடுத்துக்கொண்டாள், பாரும். அப்பவே அப்படித்தான்!” ராஜா சிரித்தார், அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்தார். “என்ன வேண்டுமோ கேளும், நாகமுத்து.”

நாகமுத்து துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி, தன் பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கச் சொன்னார்.