மடவை கடலுக்குப் போன வழி

மீனும் பறவையும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், விராலடிப்பான் என்ற பருந்துக்கு மீன் பிடிக்கத் தெரியும், தூக்கத் தெரியாது. யாரும் மறுத்துப் பேச வேண்டாம். எங்கள் கழிமுகத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பங்குனி வரைக்கும் அது ஏரிகளில் விரால் அடித்துத் தின்னும். சித்திரையில் ஏரியெல்லாம் வற்றிச் சேறாகிவிடும். உடனே கிளம்பி எங்கள் உப்பங்கழிக்கு வந்துவிடும். வைகாசி முடிவதற்குள் வயிறு நிறையத் தின்று, வடக்கே தன் ஊருக்குப் பறக்க வேண்டும் அதற்கு. பெயர்தான் விராலடிப்பான். கழியில் மடவை மீன் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்லும்?

கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி மறுபடி அடைத்துவிடும். அந்த மேட்டின்மேல் ஒரு மொட்டைப் பனை. விராலடிப்பான் கழியில் மீனை அடித்து, பனைக்குத் தூக்கிப்போய்த் தின்னும். தூக்குகிற லட்சணத்தைத்தான் பார்க்கச் சகிக்காது. விறகுக்கட்டை மாதிரி மீனைக் குறுக்காகப் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் தெற்கத்திக் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்று மீனின் விலாவில் மோத, பருந்து தள்ளாடும். மூன்றுக்கு ஒரு மீன் மணலில் விழும்.

விழுந்ததைப் பொறுக்கவும் ஆள் இருந்தாள். குப்பச்சி என்று பெயர். முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்து, மீன் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். மேலேயிருந்து மீன் விழுந்தால், "காத்து நல்லா இருக்கணும் சாமி" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு எடுத்துக்கொள்வாள்.

ஒரு சித்திரையில் சினை மடவை ஒன்று அவள் காலில் வந்து முட்டியது.

"அக்கா, வயிறு முட்டச் சினை. கழித்தண்ணி கொதிக்குது, உப்பு கரிக்குது. இங்க முட்டை விட்டா ஒண்ணுகூடத் தேறாது. கடலுக்குப் போயே ஆகணும். இந்த மணலைக் கொஞ்சம் வெட்டி விடேன்."

குப்பச்சி பறியை வாயிலிருந்து எடுத்தாள். "அடி என் தங்கமே, ஊரே திரண்டு வெட்டினாலும் மறுநாளே அலை வந்து மூடிடும். ஐப்பசி வெள்ளம் வரணும்."

"ஐப்பசி வரைக்கும் வயிறு தாங்காது அக்கா."

"அப்ப றெக்கைதான் வேணும். றெக்கை இல்லாம இந்த மணலை யாரும் தாண்ட முடியாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இப்படியா பேசுவது என்று அவளுக்கே கஷ்டமாகப் போயிற்று. மடவையோ பனை உச்சியைப் பார்த்தது.

"றெக்கை அதோ உட்கார்ந்திருக்கே" என்றது.

"ஐயோ, அது உன்னைத் தின்னுடும்டி!"

"தின்னா நான் ஒருத்தி போவேன். இங்கேயே கிடந்தா அத்தனை பிள்ளைங்களும் போகும்."

"வழியில மணல்ல போட்டுட்டா?"

"போட்டா உனக்குக் குழம்பு. போடாம இருக்க எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. நீ ஒண்ணு மட்டும் செய். நான் மேலே போனதும் அவரை நல்லா சீண்டி விடு. உனக்கு அது வராததா?"

அதுவரைக்கும் மடவை என்றால் அடிச்சேற்றை மேய்கிற மீன், தண்ணீருக்கு மேலே தலையைக் காட்டாது. அன்று இந்த மடவை மேலே வந்து, வெயிலில் வயிறு மின்னப் படுத்துக் கொடுத்தது. விராலடிப்பான் விடுமா? காலை நீட்டிக்கொண்டு பாய்ந்து, குறுக்காக ஒரு பிடி பிடித்து எழும்பியது.

பனையளவு உயரம் போனதும் காற்று போட்டு ஆட்டியது. நகம் முதுகில் இறங்கியிருந்தது. மடவைக்கு உயிர் போகிற வலி, ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு மீன் தூக்கத் தெரியல."

"சாகப் போற மீனுக்கு வாயைப் பாரு!"

"நான் எப்படியும் சாகப் போறவதான். கீழே போட்டா பட்டினி உங்களுக்குத்தானே? மூணு நாளா அந்தக் குப்பச்சி தின்னது யார் பிடிச்ச மீன்? நான் தண்ணிக்குள்ள எப்படிப் போறேன்? தலையை முன்னால நீட்டித்தானே? குறுக்கால கிடந்தா ஒரு சாண் நகர முடியுமா? ஒரு காலை முன்னால வைங்க, ஒரு காலைப் பின்னால வைங்க. என் தலை முன்னால வரட்டும்."

பருந்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் சொல்லியா நான் கேட்பது என்று இருந்தது. அதற்குள் காற்று இன்னொரு தள்ளு தள்ளியது. கீழே வெறும் மணல். வேறு வழியில்லாமல் விராலடிப்பான் காலை மாற்றி வைத்தது. மீனின் தலை முன்னால் திரும்பியது.

அவ்வளவுதான். காற்று இரண்டு பக்கமும் வழிந்து போயிற்று, தள்ளாட்டம் நின்றது, காலில் பாரமே இல்லாதது போல இருந்தது. இத்தனை வருஷம் வீணாகச் சிறகொடியப் பறந்தோமே என்று அதற்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

கீழே குப்பச்சி இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னய்யா, இன்னைக்கு எனக்கு மீன் போடலியா? பனை வரைக்கும்தான் உனக்கு தம்மு, இல்ல?"

"பனையா? கடல் மேலயே ஒரு சுத்து சுத்திக் காட்டறேன், கண்ணைத் திறந்து பாரு!"

மணல்மேடு கடந்தது. அலை உடைகிற வெள்ளைக்கோடு கடந்தது. முகம் முன்னால் இருந்ததால் மடவைக்கு எல்லாம் தெரிந்தது. குஞ்சாக இருந்தபோது விட்டு வந்த கடல் அது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஆனால் அழ நேரமில்லை. பருந்து காலை மாற்றி வைத்ததில் வால் சும்மா கிடந்தது. உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் வாலுக்குக் கொண்டுவந்து ஒரே துடி துடித்தது. முதுகுச் சதை கொஞ்சம் நகத்தோடு போயிற்று. மடவை கடலில் விழுந்தது.

"அடிப்பாவி!" என்று பருந்து கத்தியது. குப்பச்சி மணலில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இனிமேல் காற்று தனக்கு மீன் போடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

விராலடிப்பான் ஒன்றும் முட்டாள் இல்லை. இனி மீன் வழுக்கக் கூடாதென்று, அன்றைக்கே உள்ளங்காலைச் சிப்பிப்பாறையில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொண்டது. பிறகு எந்த மடவைக்கும் அந்த வித்தை பலிக்கவில்லை. புதுப் பிடியை மட்டும் அது விடவே இல்லை.

ஐப்பசியில் வெள்ளம் மேட்டை உடைத்தது. கடலிலிருந்து நகத்தளவு குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கழிக்குள் ஏறி வந்து, குப்பச்சியின் காலைச் சுற்றிக்கொண்டன.

"பெரியம்மா, எங்கம்மா இந்தக் கழியிலதான் இருந்துச்சாமே. எந்த வழியா கடலுக்கு வந்துச்சு?"

குப்பச்சி ஈரக் கையைத் தூக்கி வானத்தைக் காட்டினாள். "அந்த வழியா."

"பொய்!" என்று சொல்லிக்கொண்டு, பார்த்துவிடுவோம் என்று குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டுத் துள்ளின.

அன்று தொடங்கித்தான் விராலடிப்பான் மீனின் தலையை முன்னால் வைத்துத் தூக்குகிறது. கீழே மடவைகள், தங்கள் தாய் போன வழியைப் பார்க்கத் துள்ளிக்கொண்டே இருக்கின்றன.