பெயர் வந்து சேராத ராஜினாமா

நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே கணினி வழியாக வரும் கடிதங்களை எல்லாம் வாங்கி வைப்பது, மேலாளர் சங்கரலிங்கம் சி மொழியில், வலையில் வருவதை வாசிக்கும் சாக்கெட் நிரலாக எழுதிய சர்வர். கடிதங்கள் அடிக்கடி பாதியில் அறுந்தன. பழி, அனுப்பும் நிரலை எழுதிய, புதிதாய்ச் சேர்ந்த ஜெசிந்தாமேல் விழுந்தது.

“கடிதம் வழியில துண்டு துண்டாத்தான் சார் வரும். உங்க சர்வர் முதல் துண்டை வாசிச்சதும் கதவைச் சாத்திடுது,” என்றாள் அவள்.

“இருபது வருஷ சர்வீஸ் எனக்கு! நேத்து வந்தவ பாடம் எடுக்கியா? உன் ராஜினாமாவை என் சர்வருக்கே அனுப்பு. முழுசா வரும், பாரு!”

“சரி சார்.”

ஜெசிந்தா ஆங்கிலத்தில் சரியாக 412 எழுத்தில் கடிதம் எழுதினாள். முதலில் 390 எழுத்தை அனுப்பினாள். ஒரு நொடி பொறுத்து, தன் பெயர் இருந்த 22 எழுத்தையும் அனுப்பினாள்.

சங்கரலிங்கம் வந்ததை வாசிக்காமலே அச்செடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி தாளைத் திருப்பிப் பார்த்தார். “பேரே இல்லையே. வேலையை விடுறது யாருவே, நீரா?”

“பேரையும் அனுப்பினேன் சார்,” என்றாள் ஜெசிந்தா. “அது சர்வரோட கதவைத் தட்டிட்டுத் திரும்பிடுச்சு. அதை உள்ள விடச் சொல்லுங்க, நான் போயிடுறேன்.”

சங்கரலிங்கம் அன்றே சர்வரைத் திருத்தினார். ராஜினாமாவை மறுபடி அனுப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.