லபக்குன்னு ஒரு வாத்து

கட்டுப் போட்ட காலைத் தலகாணி மேல தூக்கி வச்சுக்கோ நித்திலா. ஆங், அப்படித்தான். வெளிய மழை பேசறத நீ கேக்க வேண்டாம், பெரியம்மா பேசறதக் கேளு. நடுவுல நடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நான் பாட்டுக்கு எழுந்திரிச்சுப் போய்த் துணி மடிப்பேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பூங்காவனம் இருந்தா. ஏரிக்கரையோரமா வாத்து மேய்க்கிறவ. எத்தனை வாத்து? இருநூறு. அறுப்பு முடிஞ்ச வயல்ல தண்ணி நிக்கும்ல, அதுல எறக்கி விட்டா, சளக் புளக், சளக் புளக்னு நத்தையும் நெல்லும் தின்னுக்கிட்டே போகும். பனி மூட்டத்துல பாத்தா, மேகந்தான் கீழ எறங்கி மேயுதோன்னு இருக்கும்.

பூங்காவனத்துக்கிட்ட ரெண்டு சாமான். இடுப்புல ஒரு டப்பா, உள்ள நெல்லு. கிலுகிலுன்னு ஆட்டினா "ஓடியா, தீனி"ன்னு அர்த்தம். கையில ஒரு நீளக் கோல், நுனியில செவப்புத் துணி. பட்டுன்னு தண்ணியில அடிச்சா "அங்கயே நில்லு"ன்னு அர்த்தம்.

அந்த இருநூறுல ஒண்ணு பேரு லபக்கு. கிலுகிலு கேட்டாப் போதும், முன்ன பின்ன பாக்காது. தபதபதபன்னு ஓடி வந்து லபக். மொத நெல்லு எப்பவும் அதுக்குத்தான். அது ஓடினா மத்த நூத்தித் தொண்ணூத்தொம்பதும் பின்னாலயே ஓடும். வாத்துப் புத்தி அப்படி, முன்னாடி போறது எங்க போகுதுன்னு கேக்காது.

ஒரு நாள் டப்பா சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவுல பஸ்ஸு. லபக்கு நின்னுச்சா? எங்க நின்னுச்சு. தபதபதப... டிரைவர் போட்டாரு பிரேக்கு, க்ரீச். வால் சிறகு ஒண்ணு போச்சு. பூங்காவனம் திட்டினா, ஆனா நெல்லையும் போட்டா. அப்புறம் எப்படிப் புத்தி வரும்? ஓடினா நெல்லு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் அடுத்தவங்க நாத்தங்கால்ல எறங்கிடுச்சு. வயல்காரர் வந்து, "அடியாத மாடு படியாதும்மா"ன்னு சத்தம் போட்டாரு. அவரு வாத்து வளத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. பூங்காவனத்துக்கும் கோவம் தலைக்கேறிடுச்சு. கோல் தண்ணியில விழல, லபக்கு முதுகுல விழுந்துச்சு. சுளீர்.

"அழுதுச்சா?"

அழல. அதான் கஷ்டம். அன்னைலேர்ந்து செவப்புத் துணியைப் பாத்தாலே, கால் ரெண்டும் நட்டு வச்ச மாதிரி நின்னுடும். ஒரு மத்தியானம் காத்துல அந்தத் துணி அவுந்து பறந்து, வேலி முள்ளுல மாட்டிக்கிச்சு. லபக்கு அது முன்னாடி அப்படியே நின்னுடுச்சு. மத்ததெல்லாம் நெழலுக்குப் போயிடுச்சு. இது மட்டும் வெயில்ல, தண்ணிகூடக் குடிக்காம. சாயங்காலம் பூங்காவனம் தேடி வந்து தூக்கினா, உடம்பு கொதிக்குது. மடியில போட்டுக்கிட்டு அழுதா. "ஒரு அடிதானேடி அடிச்சேன், அது இன்னுமா விழுந்துக்கிட்டே இருக்கு"ன்னு.

"ம்..."

அப்போ அவ ஒரு வேலை செஞ்சா. அந்தத் துணியைத் தரையில விரிச்சு, மேல நெல்லைப் போட்டுட்டு, தள்ளிப் போய் உக்காந்துட்டா. மொத நாள் லபக்கு கிட்டயே வரல. ரெண்டாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டுச்சு. மூணாம் நாள் துணி மேலயே ஏறி உக்காந்து தின்னுச்சு, மகாராணி கணக்கா.

டப்பாவுக்கும் ஒரு வழி பண்ணா. கிலுகிலு. ஓடி வந்தா மூடிடுவா. திட்டு கெடையாது, அடி கெடையாது, நெல்லும் கெடையாது. "பொறு"ம்பா, அவ்வளவுதான். மொத நாள் ஓடி வந்துச்சு, டப்பா மூடிக்கிச்சு. ரெண்டாம் நாளும் அதே கதை. மூணாம் நாள் ஒரு காலைத் தூக்குச்சு... தூக்கின கால் தூக்கினபடியே நின்னுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு மூச்சு. அப்போ தொறந்துச்சு பாரு டப்பா, ரெண்டு கை நெல்லு.

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. இப்பப் பெய்யுதே, இதே மழை. ஏரி நெறஞ்சு, மதகைத் தொறந்து விட்டுட்டாங்க. மதகுன்னா தண்ணி வெளிய போற வாசல். கிட்டப் போனா உள்ள இழுத்துடும். ஏரிக்குள்ள ஒரு மண்மேடு, பாதி முங்கிடுச்சு, அது மேல வாத்தெல்லாம் நிக்குது. லபக்குதான் முன்னாடி. பூங்காவனம் கரை மேல ஓடி வர்றா. சர்ர்ர்னு வழுக்கி விழுந்தா. இடுப்பு டப்பா கழண்டு உருளுது, கிலுகிலு கிலுகிலு. மூடி தொறந்து நெல்லெல்லாம் தண்ணியில கொட்டி, மெதுவா, மெதுவா, மதகுப் பக்கம் மெதந்து போகுது.

லபக்கு போனா இருநூறும் போச்சு. அவளுக்கு "பொறு"ன்னு சொல்லக்கூட மூச்சு வரல.

"போயிடுச்சா?"

லபக்கு ஒரு காலைத் தூக்குச்சு. தூக்கின கால் தூக்கினபடியே. ஒரு மூச்சு. நெல்லு கண்ணு முன்னாடி போகுது. ரெண்டு மூச்சு. மூணு. மதகு அவ்வளவு நெல்லையும் களக்குன்னு முழுங்கிடுச்சு. லபக்கு போகல.

அப்போ பூங்காவனம் படுத்தபடியே, தண்ணி இழுக்காத பக்கமாப் பாத்துக் கோலை நீட்டினா. நுனியில மறுபடி கட்டி வச்ச செவப்புத் துணி ஆடுது. லபக்கு பாத்துச்சு. முதுகு நடுங்குச்சு. பழைய அடி மறக்குமா என்ன? ஆனா அந்தத் துணி மேல நெல்லு தின்ன ஞாபகமும் இருந்துச்சே. தூக்கின காலைத் தண்ணியில வச்சுச்சு, சளக். அடுத்த கால், புளக். பின்னாலயே நூத்தித் தொண்ணூத்தொம்பது. சளக் புளக், சளக் புளக்னு எல்லாம் கரையேறிடுச்சு.

"நெல்லு?"

டப்பாதான் காலியாச்சே. வெறுங்கையை நீட்டினா பூங்காவனம். லபக்கு அந்தக் கையிலயே தலையை வச்சுப் படுத்துக்கிச்சு.

நித்திலா, தூங்கிட்டியா? நேத்து பால் கொட்டினதுக்கு உன் கையில ஒண்ணு போட்டேன்ல. இன்னைக்குக் காலையில கண்ணாடி டம்ளர் ஒடஞ்சப்போ நீ என்னைக் கூப்பிடவே இல்ல. கால்ல ரத்தம் வழிய, வாயைத் தொறக்காம, அப்படியே நின்ன. நான் தற்செயலா வந்து பாத்தேன். எனக்கு நெஞ்சே ஆறல கண்ணு. அது உன் தப்பு இல்ல, என் கை பண்ண தப்பு. இனிமே எது ஒடஞ்சாலும் ஒரு குரல் குடு. நான் வர்றது உன்னைத் தூக்கிக்கத்தான்.

"பெரியம்மா."

என்னடா?

"சும்மா... கூப்பிட்டுப் பாத்தேன்."

வந்துட்டேன் பாரு. வாத்தும் கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. நீ கண்ணை மூடு.