கடைசி ஃபாரம்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. பெயர் காந்திமதி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு மாடியில் ஐந்தாறு பேருக்குத் தர்க்கம் சொல்லித்தருகிறார். இதுவரை ஒரு புத்தகம்கூட எழுதியதில்லை.

சீடர் நல்லபெருமாள், குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். மாடியில் கேட்டதை மறுமாதமே மக்களுக்குப் புரியும்படி எழுதிப் புத்தகமாக்கிவிடுவார். ‘அரை மணியில் அத்வைதம்’ அவருடையது. ‘பஸ்ஸில் படிக்கப் பௌத்தம்’ மூன்று பதிப்பு கண்டது. அத்வைதத்துக்கு அரை மணி அதிகம் என்று ஒரே ஒரு விமர்சகர் குறைபட்டுக்கொண்டார்.

அதெல்லாம் முகுந்தன் சாகும்வரை. ஒரே மகன். இருபத்துநான்கு வயது. டெங்கு.

அதன்பிறகு நான்கு வருஷம் உட்கார்ந்து ஒரே ஒரு புத்தகம் எழுதினார். ‘மரணம்: ஓர் எளிய அறிமுகம்’. முதல் அத்தியாயத்தில், சுடுகாட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்பும் ஒருவர், இறந்தவரின் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்க்கிறார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். அங்கிருந்து மெல்லக் கைபிடித்து அழைத்துப்போய்க் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து விடும் புத்தகம் அது. அந்த அத்தியாயத்தின் தலைப்பு ‘பதில்’. அதை எழுதி முடித்த அன்றைக்குத்தான் சாப்பாட்டில் மறுபடியும் உப்பு உறைத்தது என்று அவரே காந்திமதியிடம் சொல்லியிருக்கிறார்.

புத்தகம் வெளிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆயிரம் பிரதியும் விற்றுவிட்டன.

இந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் படியிறங்கிப் போன பிறகும் நல்லபெருமாள் எழுந்திருக்கவில்லை.

“என்ன சார், மொகமே சரியில்ல?” என்றார் காந்திமதி. தட்டில் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு சந்தேகம் டீச்சர்.”

“தர்க்கத்திலயா?”

“இல்ல. என் புத்தகத்துல.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கூடவே மடித்த தாள் ஒன்றையும் எடுத்தார். அதை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வீரவநல்லூர்லேர்ந்து ஓர் அம்மா வந்திருந்தாங்க. செண்பகவல்லின்னு பேரு. போன வருஷம் வீட்டுக்காரர் தவறிட்டாராம். இந்தப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டுக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டாங்க.”

“நல்லதுதானே?”

“என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. ‘சார், எத்தனையோ பேரு எழுதினதைப் படிச்சேன். எல்லாவனும் பதில் சொல்லுதான். நீங்க ஒருத்தர்தான் செருப்புல ஆரம்பிச்சுச் செருப்புலயே கொண்டாந்து விட்டிருக்கீங்க. அப்படித்தானே சார் இருக்கு? தெனமும் கடைசி அத்தியாயத்தைப் படிச்சுட்டுத்தான் படுக்கேன்.’ எனக்கு ஒண்ணும் விளங்கல. கடைசி அத்தியாயத்துல ஏது செருப்பு? வாங்கிப் புரட்டினேன்.”

காந்திமதி கத்தியைக் கீழே வைத்தார்.

“‘பதில்’ இல்ல டீச்சர். பதினாறு பக்கம் சேந்து ஒரு ஃபாரம்னு வெச்சு அடிப்பாங்க. கடைசி ஃபாரம் வர வேண்டிய எடத்துல முதல் அத்தியாயம் இருக்கே, அந்த ஃபாரத்தையே ரெண்டாவது தடவையும் வெச்சுத் தைச்சிருக்காங்க. ஒரு பிரதியில இல்ல. ஆயிரத்துலயுமாம்.”

“பதிப்பாளர் என்ன சொல்றார்?”

“சிரிக்காரு. ‘அண்ணாச்சி, நம்ம சமையல் புத்தகத்துல ரசத்துக்கு மட்டும் ஒரு பக்கம் விட்டுப்போச்சு. போனை எடுத்து மாளல. உங்க புத்தகத்துக்கு ஒரு போனாவது வந்துச்சா?’ன்னு கேக்காரு.”

நல்லபெருமாள் சிரிக்க முயன்றார். முகத்தின் பாதியோடு சிரிப்பு நின்றுவிட்டது.

“ரெண்டு வருஷம் டீச்சர். ஆயிரம் பேர். பதில் எங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே, ஏன்? யாருமே கடைசிவரைக்கும் படிக்கலையா? இல்ல, படிச்சவங்களுக்கும் அது வேண்டியிருக்கலையா?”

“ரெண்டுல எது உங்களுக்குத் தேவலாம்?”

“ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பதினாறு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் கரையேறினேன்.”

“மூணாவதா ஒண்ணு இருக்கலாம்,” என்றார் காந்திமதி. “எண்ணிப் பாக்காம ரெண்டுதான்னு முடிவுகட்டறது பிழை. போன மாசம்தான் நடத்தினேன். நீங்க குறிப்பெல்லாம் எடுத்தீங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். அது தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. ‘முகுந்தனுக்கு’ என்று மட்டும் அச்சிட்ட பக்கம். விரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் மங்கியிருந்தது. காந்திமதி கடைசிப் பக்கங்களுக்குப் போனார். முதுகுப் பசை படபடவென்று விட்டுக்கொடுத்தது. புதுப் புத்தகத்தின் சத்தம்.

“இது கண்காட்சியில வாங்கினதா?”

“இல்ல, என்னோடது. பைண்டிங்லேர்ந்து மொதல்ல வந்த பிரதி. முகுந்தன் படத்துக்குக் கீழ வெச்சிருக்கேன்.”

காந்திமதி புத்தகத்தை மூடினார்.

“அவன் நெனப்பு வந்து தாங்க முடியாமப் போறது இப்பவும் உண்டா சார்?”

“உண்டு.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

நல்லபெருமாள் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மொட்டை மாடியில் யாரோ வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அவன் செருப்பு வாசல்லயே கெடக்கு. வார்ல பூஞ்சை பிடிக்கும். எடுத்துத் தொடைப்பேன். தொடைச்சு அதே எடத்துல வைப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் முடியலன்னா, இன்னொரு தடவை தொடைப்பேன்.”

“புத்தகம்?”

“படத்துக்குக் கீழதான் இருக்கும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. வாய் திறந்தபடியே இருந்தது.

“ஆயிரம் பேர்னு சொன்னீங்க,” என்றார் காந்திமதி. குரலில் கேலி இல்லை. “உங்களையும் ஒண்ணாக் கூட்டிக்கணும்.”

எதிர்மாடியில் வற்றல் முடிந்து, காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. காந்திமதி கொய்யாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

பிறகு நல்லபெருமாள் மடியிலிருந்த தாளை எடுத்தார். பேச்சில் திடீரென்று ஓர் அவசரம் வந்திருந்தது.

“இது அந்த ஃபாரம் டீச்சர். பதிப்பாளர் நேத்து தனியா அடிச்சுக் குடுத்தாரு. மடிச்சதோட சரி, இன்னும் ஓரம்கூட வெட்டல. என்னை விடுங்க. அந்தச் செண்பகவல்லி அம்மா பாவம், தெனமும் செருப்புக்கிட்டயே நிக்காங்க. அவங்களுக்காவது பதில் போய்ச் சேரட்டும். விலாசம் வாங்கி வெச்சிருக்கேன். நாளைக்குத் தபால்ல சேத்துரவா?”

“மொதல்ல நீங்க படிங்க.”

“நான்தானே எழுதினேன்!”

“எழுதினீங்க. இப்பப் படிங்க. படிச்ச அன்னைக்குச் செருப்பை எடுக்காம இருக்க முடிஞ்சா, அந்த அம்மாவுக்கு அனுப்புங்க.”

நல்லபெருமாள் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தார். மேலே தெரிந்த பக்கத்தில் ‘பதில்’ என்ற தலைப்பும் அதன்கீழ் நான்கு வரியும் இருந்தன. மற்றதெல்லாம் மடிப்புக்குள் இருந்தது. கிழித்தாலொழியத் தெரியாது. மடிப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் நீவினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீவிவிட்டு, மறுபடியும் தொடங்கினார். செருப்பு வாரைத் துடைப்பது அப்படித்தான் இருந்திருக்கும்.

காந்திமதி கொய்யா நறுக்கிய கத்தியை முந்தானையில் துடைத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

“வேணுமா சார்?”

நல்லபெருமாள் நீவிக்கொண்டே இருந்தார்.