கிண்ணத்தோடு கப்பலேறியவள்

கடலுக்கு எதிரே அரண்மனை கட்டிக்கொண்டு, காற்று மாறும்போதெல்லாம் மனமும் மாறுகிற ஓர் அரசன் முன்பு நெய்தலூரை ஆண்டுவந்தான். பெயர் மணிமுடி. காலையில் பதவி கொடுப்பான், மாலையில் பிடுங்குவான். அவனுடைய மந்திரி திருமேனி நிதானமான ஆள். அவர் மட்டும் பல வருடங்களாகப் பிடுங்கப்படாமல் இருந்தார். அது யானைக் கொட்டாரத்து அதிகாரி குஞ்சரமூர்த்திக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

ஒருநாள் சந்தனத்தீவிலிருந்து ஒரு தூதர் கப்பலில் வந்து இறங்கினார்.

"எங்கள் அரசர் திருமேனியாரைத் தலைமை மந்திரியாக அழைக்கிறார். இங்கே பெறுவதைப்போல் பத்து மடங்கு சம்பளம். மாடி வீடு. அம்மாளுக்குத் தனிப் பல்லக்கு. வாடைக்காற்று திரும்பியதும் கப்பல் கிளம்பும். குடும்பத்தோடு வரலாம்."

அரசன் முகம் சுருங்கியது. "போவதானால் போம். இருப்பதானால் இரும். எதுவானாலும் காரணத்தைச் சபையில் சொல்ல வேண்டும். என்மேல் உள்ள அன்பு என்று சொல்லாதீர். அதைக் குஞ்சரமூர்த்தி தினமும் சொல்கிறார்."

"சம்பளத்தை உயர்த்தத்தான் இந்த யோசனையெல்லாம், பிரபு," என்றார் குஞ்சரமூர்த்தி.

"அப்படியா? இருந்தால் ஒரு காசு கூட ஏறாது. நீர் சொல்லும் காரணம் என் மனதில் ஒட்டாவிட்டால் உம் ஆசனம் குஞ்சரமூர்த்திக்கு."

திருமேனி வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி பூங்காவனம் பால் காய்ச்சி ஆற வைத்திருந்தாள். பூனை மோர்ச்சட்டியை உருட்டிவிட்டுப் போயிருந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்கள் எங்கே சொல்கிறீர்களோ அங்கே," என்றாள்.

"அது பதில் இல்லை, பூங்காவனம். உன்னையும் குழந்தையையும் கட்டித் தூக்கிக்கொண்டு போக நீங்கள் என்ன மூட்டையா?"

அவள் கையில் கிண்ணத்தை எடுத்தாள். "அப்படியானால் ஒன்று கேட்கிறேன். அங்கே நான் யார் வீட்டில் போய் உறைமோர் கேட்பது?" கேட்டுவிட்டு, பாலுக்கு ஊற்ற ஒரு கரண்டி மோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். திருமேனி சிரிக்கத்தான் வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சபையில் குஞ்சரமூர்த்தி அவரை விடவில்லை. "என்ன ஓய், இன்னுமா யோசனை? நானாக இருந்தால் தூதர் பேசி முடிப்பதற்குள் கப்பலில் இருப்பேன்."

"அப்படியானால் எனக்காக நீரே சோதித்துப் பாருமே," என்றார் திருமேனி. பிறகு அரசனிடம் திரும்பினார். "அரசே, துறைமுகத்தில் அயல்நாட்டு வணிகர் தெருவில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது. கப்பல் கிளம்பும்வரை இவர் குடும்பத்தோடு அங்கே இருக்கட்டும். பத்து மடங்கு சம்பளமும் பல்லக்கும் கொடுங்கள். ஒரே நிபந்தனை. அதுவரை இவருக்கு இந்த ஊர் அயல்நாடு. பழகியவர்கள் யாரும் இவரைப் பார்க்கக் கூடாது. இவரும் பழகியவர்கள் யாரையும் பார்க்கக் கூடாது."

நிபந்தனையைச் சொல்லி முடிப்பதற்குள் குஞ்சரமூர்த்தி சம்மதித்துவிட்டார்.

காற்று திரும்பியது. சபை கூடியது. குஞ்சரமூர்த்தி கன்னம் ஒட்டி வந்து நின்றார்.

"அயல்நாடு எப்படி?" என்றான் அரசன்.

"எல்லாம் இருந்தது, பிரபு. தயிர்தான் இல்லை."

சபை சிரித்தது.

"சிரிக்காதீர்கள். பால் குடம் குடமாக வந்தது. உறைமோர் இல்லை. பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்றாள் என் மனைவி. பத்து மடங்கு சம்பளக்காரன், பாஷை தெரியாதவர் வாசலில் கிண்ணத்தோடு நிற்பதா என்றேன். அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்." அவர் குரல் இறங்கியது. "பல்லக்கில் ஏறித் தெருவெல்லாம் சுற்றினேன், பிரபு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து வயிறெரிய ஒருவனாவது வேண்டாமா?"

அரசனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "திருமேனி, காரணம் கிடைத்துவிட்டது. நீர் போகப்போவதில்லை."

"அது அவருடைய காரணம், அரசே. என்னுடையதை என் மனைவிதான் சொல்ல வேண்டும். என்னிடம் இன்னும் சொல்லவில்லை."

பெண்கள் வரிசையிலிருந்து பூங்காவனம் எழுந்தாள்.

"குஞ்சரமூர்த்தியார் இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மாளைத் துறைமுகக் கிணற்றடியில் பார்த்தேன், மகாராஜா. பாஷை புரியவில்லை. கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். புதுக் குடும்பம் வந்திருக்கிறதே, கேட்பார்கள் என்று தினமும் ஒரு கிண்ணம் மோரைக் கதவுக்குப் பின்னால் எடுத்து வைத்தாளாம். யாரும் தட்டவில்லையாம்." அவள் கணவரைப் பார்த்தாள். "நான் தட்டுவேன். நாம் போகலாம்."

இருப்பதற்கான காரணத்தை மனதில் அடுக்கிக்கொண்டு வந்திருந்த திருமேனி, அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டார். அன்று வீட்டில் அவளிடம் அவர் கேட்ட பதில் இதுதான்.

அரசன் கடல் பக்கம் திரும்பினான். "இதில் சம்பளமும் இல்லை, நானும் இல்லை. ஒட்டுகிறது. ஆனால் நீர் திரும்பி வருவீரா?"

"கொண்டுபோகிற காற்றே மாறித் திரும்பவும் கொண்டுவரும், அரசே. அங்கே கதவு திறக்காவிட்டால் முதல் கப்பலில் வருவோம்."

"திறந்தாலும் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போம். அதுவரை உம் ஆசனம் காலியாகவே இருக்கும்." அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூங்காவனத்துக்குக் கொடுக்கச் சொன்னான். "குஞ்சரமூர்த்தி, இனிமேல் அரண்மனைப் பாலுக்கு உறைமோர் நீர்தான் வாங்கி வர வேண்டும். அந்த அம்மாள் வீட்டிலிருந்து. நடந்து போய், கதவைத் தட்டி."

கப்பலேறும்போது திருமேனி மனைவியின் கையைப் பார்த்தார். முத்துமாலை பெட்டிக்குள் போயிருந்தது. கையில் பழைய கிண்ணம் மட்டும் இருந்தது, காலியாக.

"கொஞ்சம் மோரை ஊற்றி எடுத்துக்கொள்ளக் கூடாதா?"

"கையோடு கொண்டுபோனால்," என்றாள் பூங்காவனம், "நான் எதைச் சொல்லிக் கதவைத் தட்டுவது?"