தாழிக்குள் அடைபட்ட கீழ்க்காற்று

ஒரு காலத்தில், அது ரொம்பப் பழைய காலம், உலகத்தின் தென்கோடியில் பனிமேல் ஒரு நாடு இருந்தது. பெயர் வெண்பலகை. தரை, சுவர், அரசி உட்காரும் ஆசனம் எல்லாமே பனிக்கட்டி; அடியில் கடல். அந்த ஜனங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எங்கே விரிசல் கண்டாலும் மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உறைந்து விரிசலை ஒட்டிவிடும்.

கரையோரமாகக் கிழக்கேயிருந்து கீழ்க்காற்று ஓயாமல் வீசும். மூக்கு சிவக்கும், இமையில் நீர் உறையும். அதைத் திட்டாமல் அந்த ஊரில் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

அரசி சித்திராங்கிக்கு ஒரே பிள்ளை, குமுதன். தவழும் வயது. காற்று பட்டால் இருமுவான்; இருமி இருமி உதடு நீலமாகிவிடும். ஒரு குளிர்காலம் முழுக்க அவனை மார்போடு அணைத்தபடி பயந்துகொண்டே இருந்த அரசி, கடைசியில் மந்திரவாதி தாளகேதுவை வரவழைத்தாள். கீழ்க்காற்றைக் கட்டிப்போடச் சொன்னாள்.

"கட்டுகிறேன் மகாராணி. ஆனால் கேட்ட கையால்தான் கட்டை அவிழ்க்க முடியும். அதுவும் யாருக்காகக் கேட்டீர்களோ, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால்," என்றான் அவன்.

இதை எதற்கு அவிழ்க்கப் போகிறோம் என்று அரசி நினைத்தாள். எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பாள், அவளைக் குறை சொல்லாதீர்கள். தாளகேது காற்றை ஒரு தாழிக்குள் இழுத்து, வாயை மீன்தோலால் மூடிக் கட்டினான். அன்று மாலையே மேற்கிலிருந்து இதமான மேல்காற்று வந்தது. குமுதன் முற்றத்தில் தவழ்ந்து சிரித்தான். ஊரே அரசியை வாழ்த்தியது.

பிறகு படகுத்துறையில் விரிசல் விட்டது. தண்ணீர் ஊற்றினார்கள், உறையவில்லை. கடைவீதியில் விரிசல் விட்டது. தண்ணீர் ஊற்றினார்கள், உறையவில்லை. அரண்மனை முற்றத்திலும் விரிசல் விட்டது. எல்லாம் வெயிலின் வேலை என்று சொல்லி ஊர் முழுக்கத் தோல் பந்தல் போட்டார்கள். பந்தலுக்கு அடியிலேயே மீன்காரி நாகவல்லியின் வீடு கடலுக்குள் இறங்கியது. அவள் உயிரோடு தப்பியதே பெரிது.

வெயில்தானா என்று அரசிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கயிற்றின் மேலே, நடுவே, அடியிலே மூன்று வலைப்பைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் கல்லோடு ஒரு பனிக்கட்டி வைத்துக் கடலுக்குள் இறக்கினாள். இழுத்துப் பார்த்தால் மேல்பையில் கட்டி அப்படியே இருந்தது. நடுப்பையில் பாதி. அடிப்பையில் வெறும் கல். சூடு வருவது மேலேயிருந்து அல்ல, கீழேயிருந்து.

காற்றைக் கட்டிய பிறகுதானே இதெல்லாம் என்று அவள் தாழியருகே போய் உட்கார்ந்தாள். உள்ளிருந்து காற்று மெல்லப் பேசியது.

"தூரத்து வெயில் நாடுகளின் வெதுவெதுப்பு கடலடியில் எப்போதும் உண்டு, அரசி. உப்பு மிகுந்த கனமான நீர், கீழேயே கிடக்கும். நான் வீசும்போது மேலே உள்ள குளிர்நீரை உங்கள் கரைக்குத் தள்ளிக் குவித்து வைப்பேன். வெதுநீருக்கு அதுதான் மூடி. மேல்காற்று அந்த மூடியை இழுத்துக்கொண்டு போகிறது. அதன்மேலும் தப்பில்லை, அது வீசுகிற பக்கம் அப்படி."

"உன்னை விட்டால் என் பிள்ளை?"

"எனக்கு மெதுவாக வீசத் தெரியாது," என்றது காற்று. அது பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மறுநாள் அரசி தாழியையும் பிள்ளையையும் கடைவீதிக்குக் கொண்டுவந்தாள். காற்றைக் கட்டச் சொன்னது தான்தான், அதனால்தான் வீடுகள் போகின்றன என்று மறைக்காமல் சொன்னாள். கட்டின்மேல் கை வைத்தாள். கை நகரவில்லை. குமுதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வீடிழந்த நாகவல்லி வந்து, கிழக்கே முதுகைக் காட்டிப் பிள்ளைக்கு மறைவாக நின்றாள்.

"நடுவுல உக்காருங்கம்மா. பென்குயின் குஞ்சை எப்படிக் காப்பாத்துது? நாங்க சுத்தி நிக்கிறோம்."

ஒருவர் பின் ஒருவராக ஊரே நெருங்கி வந்து வட்டம் வட்டமாக நின்றது. நடுவில் அரசி கண்ணை மூடிக்கொண்டு கட்டை அவிழ்த்தாள்.

தாழி சுக்குநூறாக உடைந்தது. காற்றின் முதல் மூச்சு முகத்தில் அறைந்ததும் குமுதன் இருமினான், உதடு நீலமானது, அரசியின் உயிரே போய் வந்தது. காற்று மேலே கிளம்பிச் சுழன்று கிழக்கேயிருந்து இறங்கி அடித்தது. ஆனால் இப்போது அடி விழுந்தது முதுகுகளில். விறைத்தவர்கள் உள்ளே வந்தார்கள், உள்ளே சூடேறியவர்கள் வெளியே போனார்கள். இத்தனை பேரின் மூச்சுச் சூட்டில் குமுதனின் இருமல் தணிந்தது, அவன் தூங்கிப்போனான். குளிர்நீர் கரைக்குத் திரும்பியது. சில நாளில், ஊற்றிய தண்ணீர் உறைந்தது.

நாகவல்லிக்கு அரண்மனையிலேயே வீடு கொடுத்தாள் அரசி. காற்று கடுமையாக வீசும் நாளெல்லாம் ஊர் முறைபோட்டுக் குமுதனைச் சுற்றி நின்றது. நெஞ்சு உரமேறி அவன் வளர்ந்தான்.

ஒரு குளிர்காலம், வட்டத்தின் நடுவில் யாரோ ஒரு வலைஞனின் கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது. குமுதன் தாயின் கையை விட்டு நடந்துபோய், வெளிவரிசையில், கிழக்கே முதுகைக் காட்டி நின்றான். சித்திராங்கி கூப்பிட வாயெடுத்தாள். பிறகு தானும் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.